தலைக்காயத்தைச் சொல்லும் ரத்தம்

தலையில் பலத்த அடிபட்டால் மூளைச் செல்கள் சிதைந்து, அவற்றின் புரதங்கள் ரத்தத்தில் கசிகின்றன. நரம்புச் செல் விடுவது யூசிஎச்-எல்1. அதற்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவச் செல் விடுவது ஜிஎஃப்ஏபி. முதலாவது சுமார் 8 மணி நேரத்தில் உச்சம் தொடும். அடுத்தது சுமார் 20 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, சில நாட்கள் நீடிக்கும். இவ்விரண்டையும் அளக்கும் பரிசோதனையை 2018 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அதற்கு அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டும் குறைவாக இருந்தால், லேசான காயத்துக்கு சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

சென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கிலிருந்து விழுபவருக்கு ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அப்படி அடிபட்டவரிடம் மயக்கம், தொடர் வாந்தி, வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல் ஆகியவை தெரிந்தால், ரத்த முடிவுக்குக் காத்திராமல் உடனே ஸ்கேன் எடுப்பதே முறை.