மூன்று மலையும் இரண்டு எழுத்தும்



சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பெண்கள் மலை ஏறினோம். நேர்ச்சைக்காகப் போகவில்லை. சும்மா பார்க்கத்தான் போனோம். "வேலை வெட்டி இல்லையா?" என்று வீட்டில் கேட்டார்கள். அப்படியும் போனோம்.

பாறசாலையிலிருந்து நானும் எங்கள் தெருவில் மூத்த அக்காவும். எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோடு வட்டத்திலிருந்து என் தோழி. மூவரும் ஒரே அண்டி ஆபீசில் முந்திரி உடைத்தவர்கள்.

விடியும் முன்பே வெள்ளறடையில் இறங்கினோம். முதலில் கூனிச்சி மலை. பனியில் பாறை வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். உச்சியில் அவித்த மரச்சீனியும் மிளகாயும் தின்றோம். அந்த ருசி வீட்டில் வராது.

அடுத்து குரிசுமலை. குரிசு என்றால் சிலுவை. தவக்காலத்தில் இரண்டு மாநிலத்தாரும் கூட்டமாக ஏறுவார்கள். அன்று ஆளே இல்லை. வழியில் ஒரு பலகை இருந்தது. தோழி அதன் முன்னே நின்றுவிட்டாள். அவளுக்கு மலையாள எழுத்து தெரியாது. அக்கா விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் கொடுத்தார். அக்கா படித்தது எழுத்தறிவு இயக்கக் காலத்தில். 1991 ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்களே, அப்போது. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். நம்மில் பலருக்கும் அப்படித்தானே?

மேலே நின்று பார்த்தோம். நெய்யாறு அணையின் தண்ணீர் வெயிலில் மின்னியது. தோழி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு தண்ணி கிடக்கு. எங்க வயல் காஞ்சு கிடக்கு அக்கா" என்றாள்.

காரணம் சொல்கிறேன். நெய்யாறு அகத்தியமலையில் பிறக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நமது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004இல் அங்கே தண்ணீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. தோழியின் அப்பா நெல்லை விட்டு ரப்பர் வைத்தார். இதற்கு என்ன பதில் சொல்வது? அக்கா அவள் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்.

இறங்கும்போது எங்கள் தண்ணீர் தீர்ந்தது. அக்காவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தப்பு எங்களுடையது. மூன்று பேருக்கு இரண்டே பாட்டில் எடுத்திருந்தோம். அடிவாரத்தில் ஒரு வீட்டில் கேட்டோம். ஒரு பாட்டி சீரக வெள்ளம் தந்து, அக்காவின் காலுக்கு எண்ணெயும் தேய்த்துவிட்டார். நாங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்கவேயில்லை.

பிறகு ஆறுகாணி, பத்துகாணி. பெயரிலேயே எண் இருக்கிறது, கவனித்தீர்களா? அங்கே பலகைகள் எல்லாம் தமிழ். இப்போது அக்கா நின்றார். தோழி படித்துச் சொன்னாள்.

காளிமலைக்கு அக்கா வேண்டாம் என்று பயந்தோம். அவரே முன்னால் நடந்தார். சித்திரைப் பௌர்ணமிக்குப் பொங்கலிடும் மலை அது. மேலே ஓர் ஊற்று உண்டு. அகத்தியர் தந்தது என்பார்கள். யார் தந்தால் என்ன, நாங்கள் வயிறு நிறையக் குடித்தோம். மேற்கே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. எல்லைக் கோடு எங்கே என்று தேடினோம். காடுதான் தெரிந்தது.

மாலையில் பத்துகாணியில் பேருந்துக்கு நின்றோம். தோழி குச்சியால் மண்ணில் தமிழ் எழுத்துகளை எழுதினாள். 'ம'வும் 'த'வும் அக்காவுக்குச் சீக்கிரம் பிடிபட்டன. 'ண்' தான் தகராறு. ஒரு பேருந்து வந்தது. அக்கா பலகையைப் பார்த்து, "மா... ர்... த்... தா..." என்று கூட்டினார். மார்த்தாண்டம் என்று முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தோழி போக வேண்டிய வண்டி அது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அக்கா தன் பெயரைத் தமிழில் எழுதிவிட்டார்.