ஒருமுறை சீசர் என்றால் எப்போதும் சீசரா?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



இந்த மேடையில் நாங்கள் முன்பு ஏறியதெல்லாம் பேச்சுப்போட்டிக்காகத்தான். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். இன்றும் மணி உண்டு என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

மகப்பேற்று விடுதிகளில் வேலைசெய்யும் எங்களிடம் பழைய மாணவிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "முதற்பிள்ளை சீசர். இரண்டாவது சுகப்பிரசவமாகுமா?" கேட்பவர் பலவேளைகளில் கர்ப்பிணி அல்லர், அவருடைய தாய். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ ரிக்கற் போட்டு, சரக்குத்தூளும் இடித்து வைத்துவிட்டுக் கேட்பார். "அங்கே மிட்வைஃப் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம் என்கிறாவாம். தையல் பிரிந்துவிடாதா?" என்ற பயம் அவருக்கு.

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1916ஆம் ஆண்டு நியூயோர்க்கில் எட்வின் கிரேகின் என்ற மகப்பேற்று வைத்தியர், ஒருமுறை சீசர் செய்தால் எப்போதும் சீசர்தான் என்ற கருத்தை எழுதினார். அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டினார்கள். அந்தப் பகுதிதான் நோவின்போது பலமாகச் சுருங்குவது. அங்கே உள்ள தழும்பு அடுத்த பேற்றில் விரியும் ஆபத்து அதிகம். பின்னர் 1920களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்றோ கெர் போன்றோர் கருப்பையின் கீழ்ப்பகுதியைக் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார்கள். கீழ்ப்பகுதி மெல்லியது, சுருங்குவது குறைவு, தழும்பும் நன்றாக ஆறும். இன்று செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. வெட்டு மாறிவிட்டது, ஆனால் அந்த வாசகம் மட்டும் ஊருக்கு ஊர் இன்னும் உலாவுகிறது.

இனி எண்கள். பிரித்தானியாவின் மகப்பேற்று வைத்தியர்களுக்கான றோயல் கல்லூரியின் வழிகாட்டலின்படி, ஒரு சீசருக்குப்பின் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிடும் 100 பேரில் 72 முதல் 75 பேர் அவ்வாறே பெறுகிறார்கள். முன்பு ஒருமுறையாவது சுகமாகப் பெற்றவராக இருந்தால் அது 85 முதல் 90 வரை உயரும். முதற்பிள்ளை கால்மாறி இருந்ததால் வெட்டியவருக்கு வாய்ப்பு நல்லது. நோ வந்தும் வாய் திறக்காமல் வெட்டியவருக்குச் சற்றுக் குறைவு. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தழும்பு விரிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. நோ வருமுன்னரே திட்டமிட்டு மீண்டும் சீசர் செய்தால் அது 10,000க்கு 2ஐ விடக் குறைவு. முயற்சி இடையில் நின்று அவசரமாக வெட்டவேண்டி வந்தால், திட்டமிட்ட சீசரைவிடச் சிக்கல்கள் கூடும்.

அப்படியானால் எல்லோருக்கும் சீசரே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வெட்டும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு கடனை விட்டுச்செல்கிறது. சூல்வித்தகம், அதாவது இளங்கொடி, கருப்பை வாயை மூடிக் கீழே அமைந்து, பழைய தழும்பிலும் வேர்விட்டுப் பிடித்துக்கொண்டால் கடும் குருதிப்பெருக்கு ஏற்படும். சிலவேளை கருப்பையையே அகற்ற நேரும். இளங்கொடி அவ்வாறு கீழே உள்ள தாய்மாரில், இரண்டாவது சீசரின்போது அது ஒட்டிப்பிடித்திருக்கும் வாய்ப்பு 100க்கு 11 என்றும், மூன்றாவதில் 40 என்றும், நான்காவதில் 61 என்றும் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மூன்று, நான்கு பிள்ளைகள் வேண்டும் என்று நினைப்பவர் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் மனதை விட்டு அகலாத ஓர் இரவைப் பற்றி இப்போது சொல்கிறோம். ஊரும் வைத்தியசாலையும் வேண்டாம். இரண்டாவது பிள்ளைக்கு வந்த ஒரு தாய். கிளினிக்கில் அவருடைய அட்டையில் "முன்னர் சீசர்" என்று எழுதினோம், திகதி கொடுத்தோம், அடுத்தவரைக் கூப்பிட்டோம். அவர் சுகமாகப் பெற விரும்பினார் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. "போன முறை நேரத்தோடு ஆசுபத்திரிக்குப் போனதால்தான் வெட்டினார்கள், இந்த முறை நோ முற்றும்வரை வீட்டில் இரு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரவு முழுவதும் வீட்டிலேயே பொறுத்திருந்தார். விடியப்புறம் விட்டுவிட்டு வந்த நோ, விடாமல் குத்தும் நோவாக மாறியபோதுதான் ஓட்டோ பிடித்து வந்தார்கள். தழும்பு விரிந்திருந்தது. தாயைக் காப்பாற்றினோம், பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. சில நாள் கழித்து, "விருப்பத்தை எங்களிடம் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றோம். "ஏசுவீங்கள் எண்டு பயந்தனான்" என்றார்.

அந்தக் கிளினிக்கில் இருந்தவர்கள் நாங்கள்தான். அதன்பின் எவரிடமும் திகதி கொடுக்குமுன் "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்கிறோம்.

ஆகவே திட்டமிடல் என்றால் என்ன? முதலாவது, பழைய டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுங்கள். ஏன் வெட்டினார்கள், கருப்பையில் எந்தத் திசையில் வெட்டினார்கள், வெட்டு கிழிந்து நீண்டதா என்பவை அதில் இருக்க வேண்டும். வயிற்றுத் தோலில் உள்ள தழும்பைப் பார்த்துக் கருப்பையின் தழும்பை ஊகிக்க முடியாது. வெளிநாட்டில் முதற்பிள்ளையைப் பெற்றவர்கள் புறப்படுமுன் அந்தச் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இங்கிருந்து போகிறவர்களுக்கும் இதே சொல்தான்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுங்கள். முந்திய பேற்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் அடுத்த பேறு வந்தால் தழும்பு விரியும் வாய்ப்புக் கூடும்.

மூன்றாவது, நிபுணருடன் நேரத்தோடு பேசுங்கள். நெடுக்கு வெட்டு, முன்னர் தழும்பு விரிந்த வரலாறு, இளங்கொடி வாயை மூடியிருத்தல் ஆகியவை இருந்தால் சுகப்பிரசவ முயற்சி கூடாது. இரண்டு சீசர் ஆனவர்கள் தனியாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். நாள் தாண்டினால் என்ன செய்வது என்பதையும் அன்றே பேசி அட்டையில் எழுதுவியுங்கள். மருந்தால் நோவை வரவழைத்தாலோ கூட்டினாலோ தழும்பு விரியும் ஆபத்து 2 முதல் 3 மடங்காகும் என்பதால், அந்தக் கேள்வியை 41ஆவது வாரத்துக்கு விட்டுவைக்கக் கூடாது.

நான்காவது, இடத்தைத் தெரிந்தெடுங்கள். இரவு பகலாகச் சத்திரசிகிச்சைக் கூடமும் குருதியும் மயக்க மருந்து வைத்தியரும் உள்ள வைத்தியசாலையாக இருக்க வேண்டும். வீடு கூடாது. நோ தொடங்கினாலோ நீர்க்குடம் உடைந்தாலோ உடனே புறப்படுங்கள். அங்கே பிள்ளையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்ப்போம். தழும்பு விரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அதுதான். நோவுக்கும் நோவுக்கும் இடையில் ஓயாத வலி, தழும்பின்மேல் வலி, இரத்தம் படுதல், வந்துகொண்டிருந்த நோ திடீரென நின்றுவிடுதல் என்பவற்றையும் உடனே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் அறிந்தபின் மீண்டும் சீசரையே விரும்பும் தாயையும் நாங்கள் மதிக்கிறோம். அது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. அவசரக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும்வரை பொறுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அதற்கு முன்னர் எடுத்தால் பிள்ளை மூச்சுவிடக் கஷ்டப்படும் வாய்ப்புக் கூடுதல். நல்ல நட்சத்திரம் 37ஆவது வாரத்தில் வருகிறது என்று அப்பம்மா நாள் குறித்தால், பிள்ளையின் நெஞ்சுக்கு இன்னும் நாள் வரவில்லை என்று அன்பாகச் சொல்லுங்கள். அதுபோல, சுகப்பிரசவத்துக்கு முயன்று இறுதியில் வெட்டப்பட்டவர் தோற்றவர் அல்லர். சுகமான தாயும் சுகமான பிள்ளையும் வீடு திரும்புவதே வெற்றி.

கடந்த நூற்றாண்டின் நடுவே அல்ல, அதற்கும் முந்திய நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து கிறீன் வைத்தியர் பிரசவ வைத்தியத்தைத் தமிழிலே நூலாக்கினார். எங்கள் பெண்களுக்கு எங்கள் மொழியில் இவற்றைச் சொல்வதற்குச் சொற்கள் இல்லாமலில்லை. கேட்கத்தான் பயம் இருக்கிறது. இந்தக் கல்லூரி எங்களுக்குக் கை உயர்த்திக் கேள்வி கேட்கப் பழக்கியது. அந்தப் பழக்கத்தை வகுப்பறையோடு விட்டுவிட வேண்டாம். கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள். உங்கள் மகளோடும் மருமகளோடும் போகும்போது அவர்களுக்காக நீங்கள் பதில் சொல்லாமல், அவர்களைக் கேட்க விடுங்கள். கதிரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற பழைய மாணவிகளே, கேட்பவரை ஏசாதீர்கள்.

மணி அடித்துவிட்டது. கல்லூரி அன்னைக்கு எமது வணக்கம்.