இரவல் கண்
(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



காரிருளில் பறக்கும் வௌவால் சுவரில் மோதி விழுவதில்லை. ஒலி எழுப்புகிறது, எதிரொலி கேட்கிறது, வழி அறிகிறது. வௌவாலின் அந்த வித்தையை மனிதன் வானொலி அலைகொண்டு செய்து காட்டினான். அதற்குப் பெயர்தான் ரேடார்.

அந்த அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆயிரத்தில் ஒரு நொடியில் அது திரும்பி வந்ததென்றால், போக 150, வர 150. பகைவனின் விமானம் 150 கிலோமீட்டர் தொலைவில்! இவ்வளவுதான் கணக்கு.

1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் வாட்சன்-வாட் இதனைச் சோதித்துக் காட்டினார். ஐந்தாண்டுகள் சென்று, 1940இல், இட்லரின் விமானங்கள் திரண்டு வந்தபோது, கடற்கரை நெடுகிலும் நின்ற ரேடார் கோபுரங்கள் முன்கூட்டியே குரல் கொடுத்தன. எண்ணிக்கையில் குறைந்த படை, எங்கே செல்ல வேண்டும் என்பதை அறிந்து சென்றது; தீவு தப்பிற்று!

ரேடாரிலும் வகை உண்டு தோழர்களே! அலையை விட்டுவிட்டு அனுப்பித் தொலைவை அளப்பது ஒருவகை. டாப்ளர் வகை மற்றொன்று. நெருங்கும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகும் ரயிலின் ஊதல் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுபோல், திரும்பும் அலையின் மாறுதல்கண்டு, அசையா மலையை ஒதுக்கி, அசையும் விமானத்தைப் பிரித்துக் காட்டும் அது. மூன்றாவது வகையில் சுழலும் தட்டே தேவையில்லை. வரிசையாய் நிற்கும் சிற்றலைபரப்பிகளில் அலை புறப்படும் கணத்தை முன்பின் மாற்றினால், அலைக்கற்றை தானே திசை திரும்பும்!

அற்புதம்தான். ஆனால், அலையை உண்டாக்கும் குழாய்க்கு ஆயுள் உண்டு. அது தேய்ந்த அன்று, கோடி கொடுத்து வாங்கிய கருவி குருடாகும். மாற்று உறுப்பு யார் கையில்? அதுவன்றோ கேள்வி!

ஈரானைப் பாருங்கள். மன்னராட்சிக் காலத்தில் அமெரிக்காவிடம் எப்-14 போர் விமானங்கள் 79 பெற்றது. ஒரே நேரத்தில் 24 இலக்குகளைத் தொடரும் ரேடார் அவற்றின் மூக்கிலே! 1979இல் புரட்சி வந்தது, மன்னர் போனார், உதிரி உறுப்பும் நின்றது. ஒரு விமானத்தைப் பிய்த்து மற்றொன்றைப் பறக்கவிட வேண்டிய நிலை! அமெரிக்கா தன் எப்-14 விமானங்களுக்கு 2006இல் ஓய்வு கொடுத்தது. அவற்றின் உறுப்புகள் ஈரானுக்குப் போய்ச் சேரலாகாதென்று, பல விமானங்களை நறுக்கித் துண்டுதுண்டாக்கியது. விற்றவனுக்குத் தெரியும், கடிவாளம் எதிலே இருக்கிறதென்று!

நாமும் பட்டோம் தோழர்களே! 1999, கார்கில். மலைமுகட்டிலிருந்து குண்டு பொழிந்தது. பாய்ந்துவரும் குண்டின் பாதையில் ஒரு பகுதியைக் கண்டு, பின்னோக்கிக் கணக்கிட்டு, நெடுந்தொலைப் பீரங்கி நிற்கும் இடத்தைச் சொல்லும் ரேடார் உண்டு உலகில், நம்மிடம் இல்லை! 1998 அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்திருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு விளக்கேற்ற வேண்டிய பிள்ளைகள், குண்டு வரும் திசை அறியாது குன்றேறினர்.

பிறகு வெளியிலிருந்தும் வாங்கினோம். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. பெங்களூரில் நம் விஞ்ஞானிகள் முனைந்தனர். 'சுவாதி' என்னும் ரேடார் பிறந்தது. 2017இல் படையின் கைக்கு வந்தது. தட்டு சுழலாமல் கற்றை திருப்பும் அந்த மூன்றாம் வகையைச் சார்ந்தது அது!

வெளியிலே எதையும் வாங்காதே என்று சொல்லவில்லை நான். வாங்கு, ஆனால் பழுதுபார்க்கக் கற்றுக்கொள். உறுப்பைச் செய்யக் கற்றுக்கொள். அதற்குப் பட்டறை வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், ஏழை வீட்டுப் பிள்ளை இயற்பியல் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தர மறுத்த பணத்தை, பின்னொரு நாள் பிறநாட்டான் கேட்ட விலையாகக் கொட்டி அழவேண்டிவரும்.

இரவல் கண் இருட்டுக்கு உதவலாம். கொடுத்தவன் கோபத்துக்கு உதவாது. சொந்தக் கண்ணோடு விழித்திருப்போம் தோழர்களே!