அரிட்டாபட்டியில் ஒரு மேப்

(மேலூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேலூர் வரைக்கும் வந்துவிட்டு அரிட்டாபட்டியைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனசு வரவில்லை.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போன செய்தி வந்தபோது என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? "டங்ஸ்டன் வேணும்தானே!" பாறையில் துளை போடும் கருவியின் முனையில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. மேப்பையும் பார்த்தேன். சுமார் 2,015 ஹெக்டேர், கோடு போட்டு சுத்தமாக இருந்தது. அதற்குள் ஊர்கள் இருக்கின்றனவே என்று எனக்கு உறைக்கவில்லை. இதை உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போனேன். இருபத்தைந்து வயசுகூட இருக்காது, ஒரு தம்பி என்னை மலைக்குக் கூட்டிப் போனார். வழியில் ஒவ்வொரு சுனைக்கும் பேர் சொன்னார். குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளையும், மேலே தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் காட்டினார். குகையைக் கொடுத்தவர்கள் பேரில் நெல்வேலி, இலஞ்சி என்று ஊர்ப் பெயர்கள் வருகின்றன. ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்தை அவர் பள்ளிப் பாடம் மாதிரி வாசித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கி வந்ததும் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல எங்க ஆனைகொண்டான் கம்மா எங்கண்ணே இருக்கு?" என்றார். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் டங்ஸ்டன் வந்த பிறகு விழித்தவர்கள் அல்ல. முன்பு மலையைக் கிரானைட்டுக்கு அறுக்க வந்தபோதே மறித்தவர்கள். வருஷக்கணக்காகப் பறவைகளைப் பார்த்துக் குறித்து வைத்தவர்களும் இங்கே உண்டு. லகர் வல்லூறு முதலாக சுமார் 250 வகைப் பறவைகள். அலங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. ஏழு மலை, 72 நீர்நிலை, 200 சுனை. இதையெல்லாம் வைத்துத்தான் 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193.42 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுரங்கக் கோடு அதன் மேலேயே விழுந்தபோது, ஊர்க்காரர்கள் கையில் எடுத்துக் காட்ட ஏதோ இருந்தது.

எல்லா ஊருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை நாம் எல்லோரும் பெருமையாகப் படித்தவர்கள்தானே? டென்னசி என்ற பெயரே தனாசி என்ற செரோக்கி பழங்குடியினரின் ஊரிலிருந்து வந்தது. அந்த மக்கள் கோர்ட்டுக்குப் போயும் பலிக்காமல், 1979இல் டெலிக்கோ அணைத் தண்ணீரில் அந்த ஊர் இருந்த இடமே முழுகிவிட்டது. இதை நம் புத்தகத்தில் யாரும் போடவில்லை.

இங்கே 2024 டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளத்துக்குத் திரண்டு போனார்கள். 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அப்புறம் அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னேன். "சந்தோசம்ணே. அந்த மேப்ல இல்லாத கம்மாயையெல்லாம் நீங்க போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டார். வரத்துக்கால், கலுங்கு, மடை எல்லாம் சேர்த்து இதுவரை 11 முடித்திருக்கிறேன். லீவு நாளில் ஒருத்தனாகச் செய்தால் எப்போது முடியும்? சர்வே தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரிடமாவது டோட்டல் ஸ்டேஷன் கருவி இருந்தால், டீ இடைவேளையில் என்னைப் பிடியுங்கள். கையில் நோட்டோடு வாசல் பக்கம் நிற்பேன்.