நுரையீரல் சொன்னால் கால் கேட்கும்

குமாரகோவிலில் வேளிமலை முருகனைக் கும்பிட வேகமாகப் படியேறுகிறோம். மூச்சு இரைக்கிறது. கூடவே காலும் தளர்கிறது.

கால் ஏன் தளர்கிறது? களைப்பு ஒரு காரணம். நுரையீரல் அனுப்பும் சேதியும் ஒரு காரணமாகலாம். இந்தச் சேதியை அனுப்பும் உணரிகளைக் கண்டறிந்தவர் நம் நாட்டு விஞ்ஞானி அவதார் சிங் பெயிண்டால். 1950-களில் அவர் செய்த அருமையான வேலை அது.

நுரையீரலின் காற்றறைச் சுவரில், மெல்லிய ரத்தக்குழாய்களை ஒட்டி, நரம்பு முனைகள் இருக்கின்றன. 'ஜே' உணரிகள் என்று பெயர். அங்கே ரத்தம் தேங்கி நீர் கோக்கத் தொடங்கினால், அவை மூளைக்குச் சேதி அனுப்பும். மூச்சு வேகமாகும். தசையும் தளரலாம்.

டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுமல்லவா? விலங்குகளில் இந்த உணரிகளைத் தூண்டியபோது, அந்தத் துள்ளலே அடங்கிப்போனது. தட்டியது காலில். தடுத்தது நுரையீரல்!

உழைப்பை நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு இது என்பது பெயிண்டாலின் கருத்து. ஆகவே, மூச்சு இரைத்துக் கால் தளர்ந்தால் வீம்பு வேண்டாம், உட்காருங்கள். தினமும் ஏறும் படிக்கே புதிதாக இரைத்தால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.