கருவி சொல்லும் சாட்சி



கடலூர் பழைய நகரத்திலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி இரசாயனத் தொழிற்சாலைகள் பல வரிசையாக நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றினுள்ளே திரவங்கள் கொதிப்பதும், குளிர்வதும், ஓடுவதும், தேங்குவதும் எல்லாம் இரும்புச் சுவர்களுக்குப் பின்னால் நடைபெறுகின்றன. மனிதனுடைய கண் அவற்றை நேரே காண்பதில்லை. கட்டுப்பாட்டறையில் அமர்ந்திருக்கும் ஊழியர், கருவிகள் அனுப்பும் எண்களைக் கொண்டே உள்ளே நடப்பதை அறிகிறார். அந்த எண் தவறானால் என்ன ஆகும்? தவறு எங்கே பிறந்தது என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம். அண்ணாமலை நகரில் மின்னணு, கருவியியல் துறையில் பயிலும் மாணவர்களுக்கு இது பாடம். மற்றவர்களுக்கு இது நல்லதொரு சிந்தனைப் பயிற்சி.

முதலில் ஓர் அளவீடு நம்மை வந்து சேரும் வழியைப் பார்ப்போம். அதில் மூன்று கட்டங்கள் உள்ளன. தொட்டியின் ஓரத்தில் இருந்துகொண்டு அழுத்தத்தையோ, வெப்பத்தையோ, நீர் மட்டத்தையோ உணரும் கருவி ஒன்று. அதன் செய்தியைச் சுமந்து வரும் கம்பி இரண்டாவது. அச்செய்தியைப் படித்து எண்ணாக்கிக் காட்டும் பொறி மூன்றாவது. கோளாறு இம்மூன்றில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அறையில் இருப்பவருக்குத் தெரிவதோ கடைசியில் வரும் எண் ஒன்றுதான். ஆகவே கோளாறு காணும் வேலை என்பது, அந்த எண்ணிலிருந்து பின்னோக்கி நடந்து, எந்தக் கட்டத்தில் உண்மை பிறழ்ந்தது என்று விசாரிப்பதேயாகும்.

கம்பி வழியே செய்தி செல்லும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. உலகெங்கும் தொழிற்சாலைகளில் 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுழி என்றும், 20 மில்லி ஆம்பியரை முழு அளவு என்றும் வைத்துக்கொள்கிறார்கள். சுழிக்குச் சுழி மின்னோட்டத்தையே வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்கு நாள்தோறும் வரும் தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து, "இன்று உங்களுக்குக் கடிதம் இல்லை" என்று சொல்லிப் போவது ஒரு செய்தி. அவர் வராமலே இருந்துவிடுவது வேறொரு செய்தி. 4 மில்லி ஆம்பியர் வந்தால் தொட்டி காலி என்று பொருள். மின்னோட்டமே வராவிட்டால் கம்பி அறுந்தது, அல்லது மின்சாரம் நின்றது என்று பொருள். தொட்டியின் வெறுமையையும் கம்பியின் மௌனத்தையும் இம்முறை வேறு பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஆனால் எல்லாக் கோளாறும் இவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. கடற்கரையை அடுத்த தொழிற்சாலை ஒன்றில் நான் கண்ட நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கொதிகலம் ஒன்றைக் குளிர்விப்பதற்கான நீரைத் தேக்கி வைக்கும் தொட்டி அங்கே இருந்தது. உயரம் 5 மீட்டர். மார்கழி மாதத்தில், விடியற்காலை 4 மணிக்கு மேல் அத்தொட்டியின் மட்டம் சிறிது சிறிதாக ஏறுவதாகக் கருவி காட்டும். காலை 9 மணிக்குள் தானாகவே இறங்கிவிடும். தண்ணீர் விடும் குழாயோ அந்நேரம் மூடியிருக்கும். ஊழியர்கள் கருவி பழுதென்று கருதிப் புதியதொன்றைப் பொருத்தினார்கள். மறுநாள் விடியலில் புதிய கருவியும் அதே கதையைச் சொல்லிற்று.

இங்கேதான் முறையான விசாரணை வேண்டும். தொட்டியில் அளவு நாடாவை விட்டுப் பார்த்தபோது நீர் சரியாக 2 மீட்டர் இருந்தது. 5 மீட்டரில் 2 மீட்டர் என்றால் நூற்றுக்கு 40 பங்கு. அதற்குரிய மின்னோட்டம் 10.4 மில்லி ஆம்பியர். கட்டுப்பாட்டறையில் அளந்தால் 11.2 இருந்தது. அதாவது 2 மீட்டர் 25 சென்டிமீட்டர். இனி, கருவி என்ன சொல்கிறது என்று கருவியையே கேட்க வேண்டும். அதற்கு வழி உண்டு. 1980-களில் தோன்றிய 'ஹார்ட்' என்னும் முறையில், 4 முதல் 20 வரை ஓடும் அதே மின்னோட்டத்தின் மேல் 1200, 2200 என்ற இரண்டு அதிர்வெண்களில் மெல்லிய அலைகளை ஏற்றி, கருவியோடு இலக்கங்களால் உரையாடலாம். கையடக்கப் பொறி ஒன்றை அக்கம்பியில் இணைத்துக் கேட்டோம். "நான் உணர்வது 2 மீட்டர், நான் செலுத்துவது 10.4 மில்லி ஆம்பியர்" என்று விடை வந்தது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். கருவி செலுத்துவது 10.4, அறைக்கு வந்து சேர்வது 11.2. அப்படியானால் நடுவழியில் 0.8 மில்லி ஆம்பியர் எங்கிருந்தோ சேர்ந்துகொள்கிறது. கருவியின் மீது குற்றமில்லை. குற்றம் பாதையில் இருக்கிறது. பாதையில் நடந்து போய் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், இரண்டு கம்பிகளும் முடுக்கப்பட்ட இடத்தில் பச்சைக் களிம்பும் உப்புப் படிவும் இருந்தன. கேபிள் பெட்டியின் மேற்புறமாக உள்ளே நுழைந்திருந்தது. இரவெல்லாம் கடற்காற்றின் ஈரமும் பனியும் கேபிளின் வழியே இறங்கி, உப்போடு கலந்து, இரு கம்பிகளுக்கும் இடையே மெல்லியதொரு பாலம் அமைத்துவிட்டன. அப்பாலத்தின் தடை 25,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மின்னழுத்தம் சுமார் 20 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 0.8 மில்லி ஆம்பியர் வரும். வெயில் ஏறினால் ஈரம் உலரும், பாலம் மறையும், கணக்கும் நேராகும். பெட்டியை மாற்றி, கேபிளைக் கீழ்ப்புறமாக நுழைத்து, நுழைவாயை இறுக அடைத்த பிறகு அத்தொல்லை நீங்கிற்று.

25 சென்டிமீட்டர் என்ன பெரிய பிழை என்று எண்ண வேண்டாம். நீர் முற்றிலும் தீர்ந்த பிறகும் இன்னும் ஒரு சாண் நீர் இருப்பதாக அக்கருவி காட்டியிருக்கும். பம்பு வறண்டு சுழலும். கொதிகலம் குளிர்ச்சியின்றி நிற்கும். அதை அறிய வேண்டியவரோ திரையைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்.

இனி, பல கருவிகள் ஒரே கம்பி இணையில் முறை வைத்துப் பேசும் ஏற்பாட்டைக் காண்போம். 'ஆர்.எஸ். 485' என்ற இணைப்பில், 1979-இல் வெளிவந்த 'மாட்பஸ்' என்ற பேச்சு முறை இன்றும் பெருவழக்காக உள்ளது. தலைவன் பெயர் சொல்லி அழைக்க, அழைக்கப்பட்ட கருவி மட்டும் விடை சொல்லும். ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்கு இட்டுவிட்டால் இரண்டும் ஒருங்கே விடை சொல்லி, எதுவும் விளங்காமற் போகும். நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருத்தல் வேண்டும். இல்லையேல் கிணற்றுச் சுவரில் மோதிய குரல்போல் செய்தி திரும்பி வந்து, அடுத்த செய்தியோடு கலக்கும். சிலர் கருவிதோறும் அத்தடையை இட்டுவிடுவர். அப்போது குரல் நலிந்து, செய்தி போய்ச் சேராது.

இன்னொரு விந்தையும் உண்டு. செய்தி பிழையின்றி வந்து சேரும். ஆயினும் எண் பொருளற்றதாக இருக்கும். தசம எண் ஒன்று இரண்டு துண்டுகளாக வருகிறது. எது முதல் துண்டு என்பதில் அனுப்புவோரும் பெறுவோரும் உடன்படாவிட்டால், வீட்டு எண்ணையும் தெரு எண்ணையும் இடம் மாற்றிப் படித்தவன் கதையாகும். இங்கே கம்பியைச் சோதிப்பது வீண் வேலை. உடன்பாட்டைத்தான் சோதிக்க வேண்டும்.

கம்பியும் செவ்வனே இருந்து, பேச்சும் செவ்வனே இருந்து, அளவீடே ஏமாற்றுவதும் உண்டு. நம் மாவட்டத்து நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் பாரத்திற்கு இது சமம். இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை நிலைக்காது. ஆகவே நிலத்தடி நீரின் அழுத்தத்தை அறிவது அங்கே உயிர்நாடியான காரியம்.

பொதுவாகக் கிணறுகளில் இறக்கும் அழுத்தக் கருவியின் கேபிளில் நூல் போன்ற காற்றுக்குழாய் ஒன்று இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்து, நீரின் அழுத்தத்தை மட்டும் காட்டுவதற்காக அது அமைந்தது. ஈரம் புகுந்து அது அடைபட்டால், காற்றழுத்தம் மாறும்போதெல்லாம் நீர் மட்டம் மாறியதாகக் கருவி கூறும். 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். புயல் நெருங்குகையில் காற்றழுத்தம் 20 மில்லிபார் குறைந்தால், அடைபட்ட கருவி கிணற்று நீர் 20 சென்டிமீட்டர் இறங்கியதாகக் காட்டும். நீர் அசைந்திருக்கவே மாட்டாது.

இத்தகைய பிழைகள் மனித உயிரைக் கொள்ளை கொண்டதும் உண்டு. 2005 மார்ச் 23-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் மாண்டனர். சுமார் 180 பேர் காயமுற்றனர். உயர்ந்த கோபுரம் ஒன்றில் திரவம் அளவு மீறி நிரம்பியது. அதன் மட்டக் கருவியோ திரவத்தில் மூழ்கும் மிதவையை ஆதாரமாகக் கொண்டது. கோபுரத்தின் அடிப்பகுதியில் சில அடிகளை மட்டுமே அளக்க வல்லது. மிதவை முழுவதும் மூழ்கிய பின் மட்டம் ஏறுவதை அது அறியாது. திரவம் சூடாகி அடர்த்தி குறையவே, மிதவையைத் தாங்கும் விசையும் குறைந்தது. திரவம் ஏற ஏற, மட்டம் இறங்குவதாக அக்கருவி காட்டிற்று. தனியே இருந்த அபாய மணியும் ஒலிக்கவில்லை.

1979 மார்ச் 28-இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்ததும் இவ்வகையே. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் அறையிலிருந்த விளக்கு அணைந்துவிட்டது. மூடுமாறு கட்டளை போயிற்று என்பதையே அவ்விளக்கு குறித்தது. வால்வு மூடியதா என்பதை அது அறியாது. பார்த்தவர்கள் மூடிவிட்டதாகவே கொண்டார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்தது.

இவற்றிலிருந்து மாணவர்கள் கொள்ளத்தக்கவை சில. கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதாக நாம் எண்ணுகிறோம் என்ற இரண்டையும் வேறு வேறாக எழுதிப் பாருங்கள். கோளாறு வந்தால் பாதையை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் குற்றம் என்று முதலில் தீர்மானியுங்கள். பிறகு அப்பாதியையும் பாதியாக்குங்கள். முக்கியமான அளவீட்டுக்கு வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது கருவி ஒன்று வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு கருவிகள் ஒரே மாதிரியாகவே ஏமாறும். கோளாறு தோன்றிய மணி, காற்று, மழை, வெயில், அப்போது ஓடிய யந்திரங்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். விடியலில் வந்து வெயிலில் மறையும் கோளாறு, தன் காரணத்தைத் தானே பாதி சொல்லிவிடுகிறது. காரணம் தெரியுமுன் புதிய உதிரிப்பாகம் மாற்றுவது பணச்செலவு மட்டுமன்று. உள்ள தடயத்தையும் அழித்துவிடும்.

இவ்வளவுக்கும் வேண்டிய கருவிகள் ஒரு மில்லி ஆம்பியர் மானியும், ஓர் அளவு நாடாவும், ஒரு குறிப்பேடும்தாம். அவற்றோடு, திரையில் தோன்றும் எண்ணை நேரே போய்த் தொட்டியில் பார்த்துவரும் பழக்கமும் சேருமாயின், அத்தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் மாலையில் நலமாக வீடு திரும்புவார்கள்.