பொக்லைன் பட்டறையில் எங்கள் வேலை

(தொழிலாளர் வகுப்பொன்றில் பட்டறைத் தொழிலாளர்கள் நிகழ்த்திய பேச்சு)



எங்களைப் பேசும்படி கேட்டபோது தயங்கினோம். லேத்தின் முன்னால் நின்றும், வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்தும் காலத்தைக் கழித்தவர்கள் நாங்கள். மேடை எங்களுக்குப் புதிது. மண்வாரி யந்திரங்களின் தேய்ந்த பாகங்களைச் சரிசெய்யும் பட்டறை எங்களுடையது. எங்களுடையது என்றால் சொந்தமென்று அர்த்தமல்ல, கூலிக்கு வேலை செய்கிறோம், அவ்வளவுதான்.

கூட்டம் தொடங்குமுன் வாசலில் ஒரு விவசாயத் தொழிலாளி அம்மா எங்களைப் பிடித்துக் கொண்டார். "ஏந்தம்பி, அந்தப் பொக்லைன் வந்த பிறகு எங்களுக்கு மண் வேலையே இல்லாமப் போச்சு. அது கெட்டுப்போனா கெட்டுப்போகட்டும்னு விடாம, நீங்க ஏன் அதை ரிப்பேர் பண்ணிப் பண்ணி அனுப்புறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் இங்கிருந்து போகமாட்டோம். ஆனால் முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறோம்.

பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மண்வாரியை அது 1951-ல் செய்தது. நம் நாட்டுக்கு அந்த யந்திரம் வந்தபின், எந்தக் கம்பெனி செய்தாலும் நம் ஜனங்களுக்கு அது பொக்லைன்தான். ஜே.சி.பி. என்பதும் அப்படியே, இங்கிலாந்தில் 1945-ல் கம்பெனி தொடங்கிய ஒரு முதலாளியின் பெயரெழுத்துக்கள் அவை. பெயர் முதலாளியுடையது, தேய்மானம் நம்முடையது!

வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தேய்மானத்தை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கலப்பையின் கொழு தேய்ந்தால் கொல்லனிடம் கொண்டுபோவீர்கள். அவர் காய்ச்சி, அடித்து நீட்டி, நீரில் முக்கிக் கொடுப்பார். அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளப்பீர்கள். எங்கள் வேலையும் அதுவே. கொழு கையடக்கமானது, எங்களிடம் வரும் சாமான்களில் சிலவற்றைத் தூக்கச் சங்கிலிக் கப்பி வேண்டும்.

மில் தொழிலாளர்களுக்கு வேறொரு உதாரணம் சொல்கிறோம். ரிங் பிரேமில் டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையம் ஓடுகிறதல்லவா? அது சீக்கிரம் தேயும், தூக்கியெறிந்து புதிது மாட்டுவீர்கள். அது தேய்வதனால்தான் விலையுயர்ந்த ரிங் பிழைக்கிறது. பொக்லைனில் அந்த டிராவலரின் ஸ்தானத்தில் இருப்பது புஷ். பூமும் ஆர்மும் சேருமிடத்தில், ஆர்மும் பக்கெட்டும் சேருமிடத்தில், கனத்த இரும்புப் பின் ஒன்று ஓடும். பின்னைச் சுற்றி புஷ் இருக்கும். பின்னும் புஷ்ஷும் தேயலாம், மாற்றிக் கொள்ளலாம். பூமிலுள்ள துளை தேயலாகாது.

அந்தத் துளை ஏன் தேய்கிறது? கிரீஸ் வைக்காததால்தான். ஒரு நாள் வேலைக்கு ஒரு முறையாவது பின்களுக்குக் கிரீஸ் கொடுக்க வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் வேலையென்றால் இன்னும் அடிக்கடி. ஆனால் வண்டி மணிக் கணக்கில் வாடகைக்கு ஓடுகிறது. கிரீஸ் வைக்க நிறுத்தும் நேரத்துக்கு வாடகையில்லை. "அப்புறம் வை" என்பார் உரிமையாளர். அந்த அப்புறம் வருவதேயில்லை. மண் உள்ளே புகும், புஷ் அறைபடும், பிறகு புஷ்ஷே துளைக்குள் சுற்றத் தொடங்கும். வட்டமாயிருந்த துளை முட்டை வடிவமாகிவிடும். பக்கெட் நுனியில் ஒரு சாண் ஆட்டம் தெரியும்போதுதான் எங்களைத் தேடி வருவார்கள்.

அதைச் சரிசெய்வது பொறுமையான காரியம். பூமை லேத்தில் மாட்ட முடியாது. ஆகவே லேத்தையே பூமிடம் கொண்டுபோகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீண்ட உருட்டுத் தண்டு ஒன்றைத் துளைகளின் ஊடே செலுத்தி, இரு பக்கமும் பேரிங் வைத்துத் தாங்கி, நடுவில் வெட்டும் உளியைப் பொருத்தி, மோட்டாரால் சுழற்றுகிறோம். இதற்கு லைன் போரிங் என்று பெயர். உளி வெட்டுவது சுலபம், மையம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தேய்ந்த துளையை நம்பி மையம் எடுத்தால் கோணல் நிலைத்துவிடும். தேயாத இடமொன்றைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து அளக்க வேண்டும். எங்களில் மூத்தவர் ஒருவர் மையம் பிடிப்பதற்கே அரை நாள் எடுப்பார். முதலாளி அலுத்துக் கொள்வார். ஆனால் அவர் பிடித்த மையத்தில் போட்ட பின் ஒருநாளும் இறுகியதில்லை.

முதலில் துளையை வெட்டி வட்டமாக்குவோம். கிரீஸ் ஊறிய பழைய தோலும் அதோடு போகும். போகாவிட்டால் வெல்டிங்கில் பொரிப்பொரியாய் ஓட்டை விழும். பிறகு உட்புறம் முழுதும் வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி அளவுக்கு வெட்டுவோம். வெல்டிங் ராடை அடுப்பில் நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். ராடின் மேற்பூச்சில் ஈரமிருந்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். இன்று நன்றாயிருக்கும் வேலை நாளைக் காலையில் வெடித்திருக்கும். மழைக்காலத்தில் திறந்த பாக்கெட்டிலிருந்து ராடு எடுத்துப் பற்றவைக்கச் சொல்லும் மேஸ்திரிகள் இன்றும் உண்டு.

புஷ் துளையைவிட மயிரிழை பெரிதாயிருக்கும். அப்போதுதான் இறுகப் பிடிக்கும். சம்மட்டியால் அடித்து ஏற்றினால் வாய் பிதுங்கும். ஆகவே திரவ நைட்ரஜனில் புஷ்ஷை முக்குகிறோம். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புப் புஷ் அதில் சுமார் 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். எடுத்து வைத்தால் வழுக்கிக் கொண்டு உள்ளே போகும். சூடேறியதும் பிடித்துக் கொள்ளும். பார்க்க வேடிக்கையாயிருக்கும். ஆனால் மூடிய அறையில் அதைச் செய்யலாகாது. ஆவியாகும் நைட்ரஜன் அறையிலுள்ள பிராணவாயுவை விரட்டிவிடும். வாசனையுமில்லை, நிறமுமில்லை, மனிதன் அப்படியே மயங்கி விழுவான்.

எல்லா இரும்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தண்டுக்குப் போடும் கனத்த உருக்கு என்றால் வெல்டிங் வைக்குமுன் சூடேற்ற வேண்டும், முடிந்தபின் சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். மாங்கனீஸ் உருக்குக்கு நேர் எதிர்ச் சட்டம். 1882-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாட்ஃபீல்டு என்பவர் கண்டுபிடித்தது அது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போல மாங்கனீஸ் கலந்தது. அடிபட அடிபட மேல்தோல் இறுகும். கல்லுடைக்கும் கிரஷரின் தாடைக்கு அதைத்தான் போடுகிறார்கள். இதைச் சூடேற்றினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். விட்டுவிட்டு, குளிரவைத்துக் குளிரவைத்துத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். எது எதுவென்று எப்படித் தெரியும்? சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு போதும். மாங்கனீஸ் உருக்கைக் காந்தம் பிடிக்காது. புத்தகம் படிக்காத எத்தனையோ வெல்டர்கள் இந்தச் சோதனையை ஒருவருக்கொருவர் கைமாற்றி வந்திருக்கிறார்கள்.

தேய்மானம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நெய்வேலியைப் பாருங்கள். 1956-ல் கம்பெனி பதிவாயிற்று, 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நடுவிலிருந்த நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணோடு நடந்த போராட்டம். அது வெறும் மண்ணல்ல, கடலூர் மணற்பாறை. உப்புத்தாள் போல இரும்பை அரைக்கும். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர யந்திரங்களின் வாளிப் பற்கள் அதில் கரைந்தன. பல்லின் மேல் கடினமான உலோகத்தை வெல்டிங்கால் பூசிப் பூசித்தான் அந்தப் பாறையோடு மல்லுக்கு நிற்க முடிந்தது. நெய்வேலி மின்சாரத்தில் உங்கள் கதிர் சுற்றியபோதெல்லாம் அந்தப் பல் பூசியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இனி சொல்லக் கஷ்டமானதைச் சொல்கிறோம்.

எங்களோடு ஒரு பையன் உதவியாளாக இருந்தான். பண்ணை வேலை செய்யும் குடும்பம். பொக்லைனின் செயினுக்கடியில் ரோலர்கள் உண்டு, அவற்றுக்குள் எண்ணெய் அடைத்திருக்கும். தேய்ந்த ரோலரைப் பூசுமுன் அடைப்பைக் கழற்றி எண்ணெயை வடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் எண்ணெய் விரிந்து, ஆவியாகி, உருண்டை குண்டாகிவிடும். இது எங்களுக்குத் தெரியும். அன்று வண்டிக்காரர் தலைமாட்டில் நின்றார். ஒவ்வொரு மணிக்கும் வாடகை நஷ்டம் என்று கணக்குச் சொன்னார். முதலாளி "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். அடைப்பு துருப்பிடித்துக் கழலவில்லை. நாங்கள் அப்படியே வெல்டிங் வைத்தோம். முதலாளி சொன்னார் என்பது உண்மை, வைத்தது எங்கள் கை என்பதும் உண்மை. அடைப்பு தெறித்தது. பையனுக்கு ஒரு கண் போயிற்று. அவன் பெயர் வேலைப் பதிவேட்டில் இல்லை. நஷ்டஈடு கேட்டபோது "அவன் இங்கே வேலை செய்யவேயில்லை" என்றார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து நான்கு நாட்கள் கருவியைத் தொடாமல் உட்கார்ந்த பிறகுதான் வைத்தியச் செலவும் ஒரு தொகையும் வந்தன. கண்ணுக்கு அது ஈடாகாது.

புகையையும் விட்டுவிட முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. தேயாத பூச்சுக்குப் போடும் ராடுகளில் குரோமியம் உண்டு, அதன் புகை இன்னும் கொடியது. மாங்கனீஸ் புகை நரம்பைத் தாக்கும், கை நடுங்கும். கை நடுங்கினால் வெல்டருக்குச் சோறு ஏது? புகையை உறிஞ்சும் விசிறி வேண்டுமென்று கேட்டோம். கதவைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். கேட்டுக் கொண்டேயிருந்தோம், இப்போது ஒன்று வந்திருக்கிறது. மூன்று வெல்டர்களுக்கு ஒன்று.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறோம். அம்மா, நாங்கள் ரிப்பேர் செய்யாவிட்டால் அவர்கள் புதிது வாங்குவார்கள், இல்லையேல் அடுத்த பட்டறைக்குப் போவார்கள். வாய்க்கால் தூர் வார உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கூடை மண்ணைத் தலையில் சுமந்து கழுத்து ஒடிந்த வேலைக்காக நீங்கள் வருந்தவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்த வேலை கொடுத்த கூலிக்காகத்தான் வருந்துகிறீர்கள். யந்திரம் ஒரு மணியில் வாரும் மண்ணின் லாபம் எங்கே போகிறது என்று கேளுங்கள், உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்போம். அது உங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் பட்டறைக்கும் வரவில்லை. இதைச் சொல்வதால் உங்கள் அடுப்பு எரிந்துவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் பையனின் கதையைக் கேட்டீர்களே, அவன் எங்களிடம் வந்ததே அவன் ஊரில் மண் வேலை நின்றதால்தான். உங்களிடமிருந்து போன கூலியைத் தேடித்தான் உங்கள் பிள்ளைகள் எங்கள் பட்டறை வாசலுக்கு வருகிறார்கள். வந்தால் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்தும் ஆள் வேண்டும்.

பையன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான், பதிவேட்டில் பெயரோடு. ஒரு கண்ணால் அளவுகோல் பார்ப்பது சிரமம் என்பதால் லேத்தில் நிற்பதில்லை. வரும் ரோலர்களையெல்லாம் அவன்தான் வாங்கி, அடைப்பைக் கழற்றி, எண்ணெயை வடித்து, கழுவி, மேலே சாக்குக்கட்டியால் ஒரு குறி போடுகிறான். கழலாத அடைப்பைத் துளைபோட்டு எடுப்பான். அதற்கு ஒரு மணியானாலும் ஆகட்டும். வண்டிக்காரர் தலைமாட்டில் நின்றாலும் சரி, முதலாளி நின்றாலும் சரி, அந்தக் குறியில்லாத ரோலரை எங்கள் வெல்டர் யாரும் தொடுவதில்லை.